17சி எங்க அண்ணாச்சி?

தேர்தலில் தோற்றபின் சுற்றுகிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டு, "மெஷின்ல கை வச்சுட்டானுவ" என்று அழாத குறையாகப் பேசுகிறார் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். அவரிடம் கேட்க ஒரே கேள்விதான். அந்தப் பூத்தோட 17சி எங்க அண்ணாச்சி?

இருக்காது. பூத்தில் கட்சி சார்பாக உட்கார்ந்த உங்க ஏஜென்ட் நாலு மணிக்கே எழுந்து போயாச்சு.

ஓட்டுப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் 'குளோஸ்' அழுத்தி, மொத்தத்தைப் பார்த்து எழுதி, உள்ளே இருக்கிற ஏஜென்டுகளுக்குக் கையெழுத்திட்டுத் தருகிற நகல்தான் 17சி. ஓட்டைப் பதிந்துவைக்கிற கன்ட்ரோல் யூனிட்டின் எண், ஓட்டுப் போட வந்தவர்களைக் குறிக்கிற 17ஏ பதிவேட்டின்படி எத்தனை பேர், மெஷினில் எத்தனை ஓட்டு, சீல் எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு வருகிற மெஷினின் எண்ணும் மொத்தமும் இதோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் ஆளின் வேலை. கையில் தாள் இல்லாதவன் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று எதோடு ஒப்பிடுவான்? வாட்ஸப்பில் வந்ததோடா?

காலையிலும் இதே லட்சணம்தான். 7 மணி ஓட்டுக்கு 5.30க்கே மாதிரி ஓட்டுப்பதிவு. நோட்டா உட்பட எல்லாப் பொத்தானையும் அழுத்தி, குறைந்தது 50 ஓட்டு. ஏஜென்டைக் காணோம் என்றால் கால் மணி நேரம் பார்ப்பார்கள், அப்புறம் அவர்கள் பாட்டுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். அதன்பின் 'கிளியர்' அழுத்தினார்களா, மொத்தம் பூஜ்யம் காட்டுகிறதா, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டுகிற விவிபேட் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்தார்களா என்று நின்று பார்க்கணும். கிளியர் பண்ண மறந்தால் சாயங்காலம் 17ஏவைவிட மெஷினில் 50 கூடுதலாக நிற்கும். அது திருட்டு இல்லை, மறதி. அந்த மறதியை அங்கேயே பிடிக்க விடியுமுன் ஒரு ஆள் வேணும். நம்ம ஆள் டீயெல்லாம் குடித்துவிட்டு ஏழரைக்கு வருவார்.

"எவனுக்குவே சொம்பு தூக்குத?" என்று கமென்ட் வரும். வரட்டும். "சின்னக் கட்சி, ஆளுக்கு எங்க போக?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்ட், மாற்றி உட்கார இரண்டு பேர், அவ்வளவுதான். அதே பூத்து ஆள் கிடைக்காவிட்டால் அதே தொகுதி வாக்காளரைப் போடலாம். பிளெக்ஸில் நாற்பது தலை ஒட்ட முடிகிறதே, பூத்துக்கு மூன்று தலை தேறாதா? "விவிபேட் சீட்டை முழுசா எண்ண கோர்ட்டே சம்மதிக்கலையே?" ஆமாம், உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பு. சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத் சீட்டுகளோடு சரி. அதில் எனக்கும் மனக்குறை உண்டு. அதற்காக உங்கள் ஆள் நாலு மணிக்குக் கிளம்பினதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

"ஒரு பூத்துல என்ன குடி முழுகிரும்?" என்கிறவர்கள் நம்ம ராதாபுரம் தொகுதியை மறந்தாச்சா? 2016 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வின் அப்பாவுவை அ.தி.மு.க.வின் இன்பதுரை ஜெயித்தது 49 ஓட்டில். செல்லாது என்று தள்ளின தபால் ஓட்டு 203. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டது பள்ளித் தலைமையாசிரியர்கள், அது செல்லாதாம்! 2019 அக்டோபரில் அந்த 203ஐயும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் திரும்ப எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021 தேர்தலும் வந்துவிட்டது. கையில் தாளும் கணக்கும் வைத்திருந்தவருக்கே அந்தக் கதி. உங்களிடம் என்ன இருக்கு, வீடியோவா?

அந்த ஏஜென்டைத் திட்டவும் மனசு வரவில்லை. 17சி என்றால் என்னவென்று எவன் அவனுக்குச் சொன்னான்? ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்து வருவார்கள், எட்டு மணிகூட ஆகலாம், எழுந்திராதே என்று ஒரு வார்த்தை? ஆறிப்போன பொட்டலம் ஒன்று வந்தது, அதுவும் மூணு மணிக்கு. மாற்று ஆள் வரவே இல்லை.

வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். அண்ணாச்சிக்குப் பின்னால் குனிந்த தலையோடு நிற்கிற பையன்தான் அந்த ஏஜென்ட். சட்டையில் குத்தின அட்டையை இன்னும் கழற்றவில்லை.