நத்தை ஊரில் ஓர் ஆமை விளக்கு

இன்று காலையும் எரிந்தது. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கோயில் முனையில் திரும்புகிறேன், ‘டிங்’. காரில் மஞ்சள் விளக்கு. கீழே ஒரு வரி: "இயக்க அமைப்பில் கோளாறு. சர்வீஸ் சென்டரை அணுகவும்." என்ன கோளாறு? எங்கே? ஓட்டலாமா, நிறுத்தணுமா? அதெல்லாம் சொல்லாது. வீட்டு வாசலுக்கு வந்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விளக்கைக் காணோம். ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாக நிற்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மின்சாரக் கார். பின்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் எஞ்சின். அது சக்கரத்தைச் சுற்றாது, மின்சாரம் மட்டும் தயாரிக்கும். சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே சார்ஜ் போடலாம், பினாங்கு போனால் சார்ஜர் தேடி அலைய வேண்டாம், எஞ்சின் பார்த்துக்கொள்ளும் என்றார் விற்றவர். புதுத் தொழில்நுட்பமாம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுத்தும், அந்தக் கரண்டுல மோட்டார் ஓடும். தண்டவாளத்துக்கு மேல கம்பி வர்றதுக்கு முன்னாடி எங்க ரயில் எல்லாம் அப்படித்தானே மாப்பிள்ளை?" உண்மைதான். ஆனால் அவர்கள் எஞ்சின் வாரத்துக்கு இரண்டு தடவை சிணுங்கியதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கோளாறு வருவதுகூட எனக்குப் பெரிதில்லை. இரும்பும் கம்பியும் சேர்ந்த சாமான், வரத்தான் செய்யும். எரிச்சல் எங்கே என்றால், ஈப்போ சர்வீஸ் சென்டரில். 30 கிலோமீட்டர் போய், அரை நாள் லீவு எடுத்து, குளிர் அறையில் உட்கார்ந்து, ஓசிக் கோப்பி குடித்துக் காத்திருந்தால் ஒரு தம்பி வந்து சொல்வார்: "எரர் கிளியர் பண்ணிட்டோம் அண்ணே, இப்ப ஓக்கே." 180 வெள்ளி. நாலாவது நாள் அதே விளக்கு. மறுபடி போனால் மறுபடி "கிளியர்". ஐயா, நான் சிலேட்டா கொண்டுவந்தேன், துடைத்துக் கொடுக்க?

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கோளாறு வந்த நொடியில் வேகம் என்ன, சூடு எவ்வளவு, வோல்ட்டேஜ் என்ன என்று கார் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. கோளாறின் எண்ணை ‘கிளியர்’ செய்து அழிக்கும்போது அந்தக் குறிப்பும் சேர்ந்து அழிந்துபோகும். அதாவது நான் காசு கொடுத்து, இருந்த ஒரே சாட்சியையும் கொன்றுவிட்டு வந்திருக்கிறேன்!

கடுப்பில், காரில் செருகிக் கோளாறைப் படிக்கும் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். கை அகலம்தான் இருக்கும். அதைச் செருகிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து கோளாறு, எல்லாம் ஒரே நேரத்தில். காலையில் எடுப்பதற்கு முன் சின்ன பேட்டரியை அளந்தேன்: 11.8 வோல்ட். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் காட்ட வேண்டும். காரில் அவ்வளவு பெரிய பேட்டரி இருந்து என்ன? கம்ப்யூட்டர்களை எல்லாம் எழுப்புவது இந்தச் சின்னதுதான். அது சோர்ந்தால் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். பேட்டரியை மாற்றினேன், மூன்று கோளாறு போயிற்று. மூன்று தடவை போன இடத்தில் ஒருவருக்கும் இதை அளக்கத் தோன்றவில்லை.

மீதி இரண்டும் பெட்ரோல் பக்கம். ஒன்றின் எண் பி0456, பெட்ரோல் ஆவி கசிகிறதாம், மிகச் சிறிய கசிவாம். எஞ்சின் எப்போதாவது ஓடுவதால் டேங்கை இறுக்கி மூடி வைத்து, கார் தானே கசிவைச் சோதித்துக்கொள்கிறது. மூடி ரப்பர் தேய்ந்திருந்தாலே போதும். எங்கள் ஊர்ப் பட்டறைத் தவுக்கேயிடம் காட்டினேன். பானட்டைத் திறந்தார், ஆரஞ்சு வயரைப் பார்த்தார், மூடினார். "இதுல நான் கை வைக்க மாட்டேன்." அவரைக் குறை சொல்ல முடியாது, அது உயிரை வாங்கும் மின்சாரம். பால்மரத் தோட்டத்து லாரியிலிருந்து என் மாமியாரின் மைவி கார் வரை பழுது பார்த்த கை அது. என் காரிடம் மட்டும் தோற்றது.

இதற்கு நடுவில் தைப்பூசத்துக்குப் பினாங்கு போனோம். கோலகங்சார் தாண்டி பெராப்பிட் மேடு ஏறும்போது ஆமை விளக்கு. ஆமாம், ஆமைப் படமே போட்டிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்து மேடு ஏறினால் அந்தச் சின்ன எஞ்சினால் ஈடுகொடுக்க முடியாது, வேகம் குறையும். இது கோளாறு இல்லை, சுபாவம். முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜைச் சேமித்து வைத்திருந்தால் ஏறியிருக்கும். அதை விற்றவர் சொல்லியிருக்கலாம் இல்லையா? பின்னால் லாரி ஹாரன் அடிக்க, என் மகள் கேட்கிறாள்: "அப்பா, மலாய்ல சிப்புட்னா நத்தைதானே, அதான் நம்ம காரும் இப்படியா?"

ஒட்டுக்கடையில் இன்னும் மோசம். புடி95 என்ற அரசாங்க மானியத் திட்டம் வந்து பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென் ஆனதிலிருந்து தே தாரேக் ஆற்றுகிறவர்கூட மின்சாரக் கார் வாங்கிய என்னைப் பார்த்தால் விலையைச் சொல்லிக் காட்டுகிறார்.

நாளை காலை 9 மணிக்கு மறுபடி ஈப்போ. ஸ்கேனர் காட்டியதை எல்லாம் தேதியோடு பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். மூடியையும் குழாயையும் சோதித்து எழுதிக் கொடுக்காமல் ஒரு கோளாறு எண்ணையும் அழிக்க விடமாட்டேன். மாமியாரின் மைவியை எடுத்துக்கொண்டு மனைவி பின்னாலேயே வருகிறாள், வழியில் நின்றால் என்னை ஏற்றிக்கொள்ள.