பேட்டரிக்குத் தண்ணி ஊற்றுவது யார்?

போன ஆடியில் உடுமலைக்கு மேலே ஆனைமலைத் தொடரில் ஒரு பழங்குடி செட்டில்மென்டில் ஒரு ராத்திரி தங்கினேன். கூரையில் சோலார் தகடு இருக்கிறது. வீட்டுக்குள் மெழுகுவர்த்தி. "பேட்டரி போயி ரெண்டு வருசமாச்சுங்க" என்றார் அந்த அம்மா. லீவுக்கு வந்திருந்த பையன் ஸ்க்ரூடிரைவரால் மூடியைத் திறந்து காட்டினான். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, உள்ளே சொட்டுத் தண்ணி இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று மாட்டிவிட்டுப் போனவர்கள் சொல்லவே இல்லையாம். சாரல் காலத்தில் நாள்கணக்காக வெயில் வராது. பேட்டரி அடிமட்டம்வரை இறங்கி இறங்கியே செத்துப்போகும். புதிதாக வாங்கினாலும் முப்பது கிலோவைத் தலைச்சுமையாக யானைத்தடத்தில்தான் கொண்டுவர வேண்டும்.

அதே ஆனைமலைத் தொடரில்தான் காடம்பாறை மின்நிலையம் இருக்கிறது. மலையைக் குடைந்து கட்டியது, 400 மெகாவாட். தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள். மலையையே பேட்டரியாக்கத் தெரிந்த நமக்கு ஒரு வீட்டு பேட்டரியைக் காப்பாற்ற முடியாது என்றால் மனசு ஒப்பவில்லை.

காட்டுக்குள் கம்பி இழுக்கச் சட்டம் விடாது என்பார்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)ஐப் படியுங்கள். கிராம சபை பரிந்துரைத்தால், 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், மின்கம்பிக்கு வனநிலம் கொடுக்கலாம். கம்பி போக வழியே இல்லாத இடத்துக்கு சோலார்தான், சரி. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் ஜன்மன் திட்டத்தில் சோலாருக்கும் பணம் உண்டு. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கானது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு இனங்கள்தான் அந்தப் பட்டியலில். ஆனைமலையின் காடர், முதுவர், புலையர், மலசர் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய தர்தி ஆபா திட்டம் மற்ற பழங்குடி ஊர்களையும் சேர்த்துக்கொண்டது, நல்லது.

நான் கேட்பது அதற்கு அப்புறம் என்ன என்பதைத்தான். தகடு இருபது வருடம் தாங்கும், பேட்டரி நாலைந்து வருடம். மாற்று பேட்டரிக்கான பணத்தை முதல் நாளே கிராம சபைக் கணக்கில் போடுங்கள். செட்டில்மென்டுக்கு இரண்டு பேருக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து மாதச் சம்பளம் கொடுங்கள். கீழிருந்து மெக்கானிக் வருவார் என்று காத்திருந்தே இரண்டு வருடம் இருட்டில் போயிருக்கிறது. வாசலில் யானை நின்றால்கூடத் தெரியாத இருட்டு.

மூடியைத் திரும்ப மாட்டும்போது அந்தப் பையன் கேட்டான்: "அண்ணா, சிவப்பு ஒயர் எதுல போகணும்?"