மனுப் போடுவதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது

கல்லூரி விதிமுறைக் கையேடுகளில் பெரும்பாலும் எங்காவது ஒரு மூலையில், தக்க காரணம் இருப்பின் மாணவர் விதிவிலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம் என்று பெருந்தன்மையாக ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி அலுவலகப் படியேறும் மாணவர் என்ன பாடு படுகிறார் என்பதை, அதை எழுதியவர்கள் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வருகைப்பதிவு குறைவது, தேர்வைத் தவறவிடுவது, பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசி நாள் கடந்துபோவது ஆகியவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் நோயோ, வீட்டில் நேர்ந்த சாவோ, மனச்சோர்வோ, பணமுடையோ இருக்கிறது. படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடந்த அந்த மனிதரிடம்தான், குறித்த நாளுக்குள் படிவத்தை நிரப்பி, அசல் சான்றிதழ்களை இணைத்து, பாட ஆசிரியர், ஆலோசகர், துறைத்தலைவர் என்று வரிசையாகக் கையொப்பம் வாங்கி வரும்படி சொல்கிறார்கள். கெடு தவறிவிட்டால், மனு தாமதமானதைப் பொறுத்தருளக் கோரி இன்னொரு மனு எழுத வேண்டும்.

சான்று கேட்கும் விதம் இதைவிடக் கொடுமை. எலும்பு முறிந்தவர் எக்ஸ்ரேயைக் காட்டிவிடலாம். மாதக்கணக்கில் மனம் முறிந்து, மருத்துவரைப் பார்க்கவும் துணிவின்றி அறைக்குள் முடங்கிக் கிடந்தவர் எந்த முத்திரையைக் காட்டுவார்? பிறகு தேறி வந்து சிகிச்சை பெற்றுச் சான்றிதழ் கொடுத்தால், அது அந்தத் தேதிக்குரியது அன்று என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்கவே இந்தக் கெடுபிடி என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழில் தேதியெல்லாம் கச்சிதமாக இருக்கும் என்பது மட்டும் அவர்களுக்கு உறைப்பதில்லை.

மதிப்பெண் தொடர்பான முறையீட்டிலும் இதே கதைதான். எவ்வளவு பாடுபட்டுப் படித்தேன் என்று மாணவர் பக்கம் பக்கமாக உருகி எழுதுகிறார். ஆனால், விடையின் தரம் குறித்த ஆசிரியரின் கணிப்பைப் பல நிறுவனங்கள் மேல்முறையீட்டில் தொடுவதே இல்லை. கூட்டல் பிழை, பாரபட்சம், முன்கூட்டி அறிவித்த மதிப்பீட்டு முறையைக் கைவிட்டது போன்ற நடைமுறைத் தவறுகளே அங்கு எடுபடும். இதைப் படிவத்தின் தலைப்பிலேயே இரண்டு வரியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

இத்தனைக்கும் பிறகு வரும் பதிலோ, "பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை" என்பதோடு முடிந்துவிடுகிறது. காரணம் தெரியாமல் மாணவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? அப்படியே செய்தாலும், முதலில் மறுத்தவரே மேல்முறையீட்டுக் குழுவிலும் வந்து அமர்ந்திருந்தால் அதற்குப் பெயர் மேல்முறையீடா? தம் முடிவைத் தாமே விசாரிக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் அரிச்சுவடி.

மறுப்பதானால் மறுக்கட்டும், எந்த விதியின் கீழ், எந்தச் சான்று போதவில்லை என்று எழுத்தில் சொல்லட்டும். மாணவருக்கு விதிக்கும் கெடுவைக் குழுவும் தனக்கு விதித்துக்கொள்ளட்டும். மாணவர் ஒரு நாள் பிந்தினால் மனு செல்லாது. குழு வாரக்கணக்கில் பிந்தினாலோ கேட்பாரில்லை, அதற்குள் அடுத்த பருவத்துக்கான பதிவு முடிந்தே போகிறது.