வயது மட்டும் மூப்பாகுமா?

இன்றைய இளைஞர்கள் மூத்தோரை மதிப்பதில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் கவலைப்படுகிறார். கவலை சரி. ஆனால் மூத்தவர் என்றால் வயதில் மூத்தவர் என்று மட்டுமே அவர் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்தவன். எங்கள் ஊரில் ஆட்டமும் பாட்டுமாக நடக்கும் வடமோடிக் கூத்துப் பழகும்போது, கூத்தாடும் களமான களரியில் பெரியவர், கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியார்தான். நான் ஆடிய வருடம் எங்களுக்கு மத்தளம் அடித்த அண்ணாவியாருக்கு நாற்பது வயதுகூட இல்லை. அரசனாக ஆடியவர் அவருடைய சொந்தப் பெரியப்பா. களரியில் தாளம் பிசகினால் அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் திரும்ப ஆடுவார். விடிந்து வீட்டுக்கு வந்தால் அண்ணாவியார்தான் எழுந்து நின்று பெரியப்பாவுக்குக் கதிரை எடுத்துப் போடுவார். இரண்டு மரியாதையும் உண்மையானவை, ஒன்றையொன்று குறைக்கவில்லை. அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கூத்தாட வைத்தபோதும், ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பட்டம் படிக்க வந்த பிள்ளைகள் கிராமத்து அண்ணாவியாரிடம் அடவு பழகினார்கள்.

அலுவலகத்தில் நான் கண்டது வேறு. "எனக்கு முப்பது வருட சேவை" என்று சொல்லியே ஒரு மேலதிகாரி, புதிதாக வந்த பிள்ளை காட்டிய கணக்குப் பிழையைப் பார்க்க மறுத்தார். பிழை அப்படியே போனது. அந்தப் பிள்ளை அதன்பிறகு வாய் திறக்கவே இல்லை. கட்டுரையாளர் அவளைப் பற்றியும் எழுத வேண்டும்.