இறந்த பிள்ளைக்கும் வேலை கொடுக்கும் கதைகள்

நம் கதைகளில் ஒரு பிள்ளை செத்தால் அந்தச் சாவு எதற்காவது பயன்பட்டே ஆகவேண்டும். தகப்பன் அரிவாள் தூக்க வேண்டும், அல்லது பிரிந்து கிடந்த புருஷனும் மனைவியும் சேர வேண்டும், அல்லது குடிகாரன் திருந்த வேண்டும். ஒன்றுமில்லாவிட்டால் ஊருக்கு ஒரு பாடமாவது கிடைக்க வேண்டும். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு கோபம் இருக்கிறது. பிள்ளை போன வீட்டில் அந்தச் சாவு எதற்கும் உதவுவதில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருக்கும், அவ்வளவுதான். அதை அப்படியே வைத்து எழுத ஏன் நமக்கு வருவதில்லை?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பேசினால் அரிச்சந்திரன் நாடகத்தின் சுடலைப் பகுதியான மயான காண்டத்தில்தான் தொடங்க வேண்டும். 1989இல் காலமான நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக ஆடியதைக் கோயில் வீதிகளில் விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் வீட்டிலும் அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கிற கிழடுகள் இருந்தார்கள். அந்தக் கதையில் இரண்டு இடங்கள் உண்டு. தர்ப்பை வெட்டப் போன மகன் லோகிதாசனைப் பாம்பு கடித்துவிட்டது என்று சேதி வருகிறது. சந்திரமதி அடிமை. வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார்கள். பிள்ளை காட்டில் கிடக்க, தாய் வேலை செய்து முடிக்கிறாள். பிறகு இருட்டில் தனியே போய்த் தேடி, தூக்கிக்கொண்டு சுடலைக்கு வந்தால், அங்கே காவல் நிற்கிறவன் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். கேட்கிறவன் பிள்ளையின் தகப்பன்.

இந்த இரண்டு இடத்தையும் யோசித்தவர் செத்தவீட்டை அருகில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். சாவு வந்தாலும் வேலை நிற்பதில்லை, கூலி நிற்பதில்லை, சுடலைக்கும் காசு வேண்டும். தாயும் தகப்பனும் ஒரே பிணத்துக்கு இரண்டு பக்கம் நிற்கிறார்கள். இதைவிட உண்மையாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கடைசியில் கடவுளர் வந்து பிள்ளையை எழுப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவும் அரிச்சந்திரனின் வாய்மைக்கு வைத்த சோதனையாம். சனம் பெருமூச்சு விட்டு எழும்பி வீட்டுக்குப் போகும். உண்மையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பாள்? அதை நினைத்தால் எனக்கு அந்தக் கடைசிக் காட்சி பிடிப்பதேயில்லை.

சங்கப் பாட்டும் வேறு விதத்தில் இதைத்தான் செய்கிறது. புறநானூற்று 278ஆம் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொல்ல, அப்படியானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் ஒரு கிழவி. பிணங்களைப் புரட்டுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கிற மகனைக் கண்டதும், பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பித்தபோது வகுப்பே சிலிர்த்தது. இன்றைக்கு வாசிக்கும்போது நான் பார்ப்பது அந்தக் கை பிணம் பிணமாகப் புரட்டுகிற நேரத்தைத்தான். அந்த நேரம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த நாள் காலையில் எழும்பி அவள் என்ன செய்தாள்? பாட்டு அதற்குள் முடிந்துவிடுகிறது. இந்தப் பாட்டை மேடையில் முழங்கிய எத்தனை பேர் தாய்மாருக்கு அழுகிற உரிமையைக்கூட விடவில்லை என்பது எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மணிமேகலையில் ஒரு கோதமை வருகிறாள், அவளை எனக்கு நிரம்பப் பிடிக்கும். சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து செத்துப்போன சார்ங்கலனின் தாய். அவளுக்கும் கண் தெரியாது, புருஷனுக்கும் கண் தெரியாது. மகனின் உடலோடு சம்பாபதித் தெய்வத்திடம் போய் அவள் கேட்பது என்ன? என் உயிரை எடுத்துக்கொண்டு இவனுயிரைத் தா, கண்ணில்லாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். துக்கத்தின் உச்சியில் நின்று வீட்டுக் கணக்குப் பேசுகிறாள்! யார் யாரைப் பார்ப்பது, நாளைக்கு அந்த மனுஷனுக்கு யார் துணை என்று. பிள்ளை செத்த வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள், நான் கேட்டிருக்கிறேன். இங்கே பிள்ளை திரும்பி வருவதும் இல்லை. பிறகு அதுவும் வினைப்பயனைப் பற்றிய உபதேசமாகப் போய்விடுகிறது என்பது வேறு. ஆனாலும் அந்த ஒரு பேச்சுக்காகவே சாத்தனாரைக் கும்பிடலாம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். என் பெரியம்மாவின் ஒரே மகன் 11 வயதில் காய்ச்சலில் போனான். செத்தவீட்டில் பெரியம்மா நிலத்தில் புரண்டு குளறியதை ஊரே பார்த்தது. சினிமாவும் அதைத்தான் காட்டும். படம் எடுக்கிறவர்கள் பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது.

31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில், அடுத்த வீட்டு விறாந்தையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா யாரோ சொன்ன பகிடிக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டார். குசினிக்குள் நின்ற பெரியம்மாவுக்கு அது கேட்டது. அந்தச் சிரிப்பை அவர் வருசக் கணக்கில் மன்னிக்கவில்லை. பெரியப்பாவும் அதற்குப் பிறகு அந்த விறாந்தைக்குப் போகவில்லை. இருவருக்கும் ஒரே பிள்ளைதான் செத்தது, ஆனால் ஒருவருடைய துக்கம் மற்றவருக்குப் பிடிபடவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகத் துக்கம் காத்தார்கள்.

செத்தவனின் அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு எப்போதும் தம்பிக்கு. பெரியம்மாவின் கை பழக்கத்தில் அதை எடுக்கும், ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு அக்காவின் கோப்பையில் வைக்கும். அதைச் சாப்பிட்டாலும் குற்றம், ஒதுக்கினாலும் குற்றம் என்று அவள் இருப்பாள். வந்த சனம் அவளை வைத்துக்கொண்டே, "இன்னொண்டு இருக்குத்தானே, அதின்ர முகத்தைப் பார்த்து மனதைத் தேற்றுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சகோதரர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். அவள் அதை நிரப்பாமல் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பெரியப்பா பேனையை எடுத்து ஒன்று என்று எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். அவர் எழுதியது சரியா பிழையா என்று அந்த வீட்டில் இன்றுவரை யாரும் கதைத்ததில்லை.

இதில் பழிவாங்கல் இல்லை, பாடம் இல்லை, யாரும் திருந்தவும் இல்லை. ஆனால் கதை இல்லை என்று யார் சொல்வார்கள்?

இப்படிப் பேசாமல் விடுவதற்கு ஊர் வழக்கமும் துணைதான் போகிறது. வயது போனவர்கள் செத்தால் எட்டுச் செலவு, 31இல் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம், நினைவு மலர் என்று துக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுப்போம். நாலு பேர் கூடி அவரைப் பற்றிக் கதைக்க அந்த நாட்கள் உதவும். சின்னஞ்சிறுசு என்றால் பல இடங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். சடங்கும் சுருக்கம். கெதியாக முடித்துவிட்டு, பெயரைச் சொன்னால் தாய் அழுவாள் என்று பெயரையே சொல்லாமல் விடுவோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போவது தாய்க்கு எவ்வளவு பெரிய தண்டனை! அந்தப் பெயரைச் சொல்ல ஒரு இடம் கதையிலாவது இருக்க வேண்டாமா?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழி. 2025இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகளும் வந்தன. பள்ளிக்கூடப் பை ஒன்று வந்தது, பொம்மை வந்தது. ஆகஸ்ட் 5ஆம் திகதி, கண்டெடுத்த பொருட்களை யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று சனத்துக்குக் காட்டினார்கள். அந்தப் பையைப் பற்றி எத்தனையோ கவிதைகள் வந்தன, இனியும் வரும். நீதி கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரத்துக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கவிதைகளில் அந்தப் பிள்ளை இனமாகவும் மண்ணாகவும் மாறிவிடுகிறது. அந்தப் பையைத் தோளில் மாட்டிவிட்ட கை எங்கே? அந்தப் பிள்ளைக்கு ஒரு தமையன் இருந்திருந்தால் இப்போது அவனுக்கு என்ன வயது, அவன் தன் பிள்ளைக்குப் பை வாங்கக் கடைக்குப் போனால் எந்த நிறத்தைத் தவிர்ப்பான்? இதையெல்லாம் யோசிக்கிற கதைதான் அந்த எலும்புக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

இங்கே எழுதுகிறவர்கள் நிறையப் பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். தாயின் குளறலோடு கதையை முடிக்காதீர்கள் என்று உங்களைக் கேட்கிறேன். தகப்பனை மூலையில் ஊமையாக நிறுத்தாதீர்கள், அவருக்கும் வாய் இருக்கிறது, சில நேரம் சிரிப்பும் வரும். மிஞ்சிய பிள்ளைக்கு ஒரு பெயராவது வையுங்கள். முக்கியமாக, செத்த பிள்ளைக்குச் சாவதற்கு முன் ஒரு நாளாவது கதைக்குள் இடம் கொடுங்கள். அது அடம் பிடிக்கட்டும், பொய் சொல்லட்டும், அக்காவின் பென்சிலைக் களவெடுக்கட்டும். அப்படி எழுதிய சிறுகதையோ நாடகமோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அச்சில் வராததாக இருந்தாலும் பரவாயில்லை. என் அக்காவுக்கும் வாசிக்கக் கொடுக்க வேண்டும்.