எவன்கிட்ட போய் நிக்கிறது?

எங்கள் பக்கத்தில் ஒன்றியம் என்றால் பி.டி.ஓ. ஆபீஸ். அம்மாவுக்கு இன்றைக்கும் அதுதான் அர்த்தம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிற எனக்கு ஒன்றியம் என்றால் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியம். உடம்பில் படுகிற தோல் பொருளில் குரோம் சிக்ஸ் என்கிற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் விற்கக் கூடாது என்று 2015 மே முதல் அங்கே சட்டம். லேப் ரிப்போர்ட் சரியாக வந்துவிட்டால் அதே சரக்கு ஜெர்மனிக்கும் போகும், இத்தாலிக்கும் போகும். நாட்டுக்கு ஒரு விதி என்று இருந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்.

அதனால் அந்தப் பக்கத்து மக்கள் 'இன்னும் நெருங்கிச் சேர வேண்டாம்' என்று ஓட்டுப் போடும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். விவரம் தெரியாமல் போடுகிறார்கள் என்று பலரோடு வாதாடியிருக்கிறேன். இந்த வாரம் ஒரு நண்பர் அதையே எழுதியிருந்தார். இப்போது என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் எங்கள் ஊர் கிராம சபை.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகரத்தோடு சேர்க்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நான் சேர்க்கலாம் என்கிற பக்கம். தெருவிளக்கு, சாக்கடை, நல்ல ரோடு எல்லாம் வரும் என்று எழுந்து பேசினேன். வீட்டு வரி ஏறும் என்றார்கள். நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும்தான், நகரத்தோடு சேர்ந்தால் அது போய்விடும் என்றார்கள். இரண்டும் நியாயமான பயம்தான். ஆனால் என்னை உட்கார வைத்தது என் பெரியம்மா கேட்டது. "இப்ப பைப்புல தண்ணி வரலன்னா தலைவர் வூட்டு வாசல்ல போய் நிக்கிறேன். நாளைக்கு எவன்கிட்டப்பா போய் நிக்கிறது?" கவுன்சிலர் இருப்பார் பெரியம்மா என்றேன். "அவர் வார்டுல நம்ம ஊரு எத்தினி வீடு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருடம் நான் திட்டிக்கொண்டிருந்த ஓட்டுகளை எல்லாம் அந்தக் கேள்வியோடு திரும்பப் பார்த்தேன்.

ஜமைக்காவைப் பாருங்கள். 1958இல் கரீபியன் கடலில் பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி அமைத்தன. மொத்த மக்களில் பாதிக்கு மேல் ஜமைக்காவில். ஆனால் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் 45 இடங்களில் அவர்களுக்கு 17தான். தலைநகரமோ கடல் தாண்டி டிரினிடாடில். 1961 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு வந்தது. 54 சதவீதம் பேர் வெளியே வரலாம் என்றார்கள். அடுத்த வருடமே கூட்டாட்சி கலைந்தது. அவர்களுக்குப் பக்கத்துத் தீவுக்காரர்கள் மேல் வெறுப்பா? இன்றைக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரே வெஸ்ட் இண்டீஸ் அணியாகத்தானே கிரிக்கெட் ஆடுகிறார்கள்! சேர்ந்து ஆடுவது ஒன்று, நம் வீட்டு முடிவை இன்னொரு இடத்துக்கு அனுப்புவது வேறு ஒன்று. பெரியம்மாவின் கணக்கும் அதேதான், எத்தனை வீட்டுக்கு எத்தனை குரல்.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் சேர நார்வே இரண்டு முறை மறுத்திருக்கிறது, 1972இல் 53.5 சதவீதம், 1994இல் 52.2 சதவீதம். நான் பல நாள் யோசித்தது இந்த 1994 ஓட்டைத்தான். தலைநகர் ஆஸ்லோவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேரலாம் என்றார்கள். மீன்பிடித்துப் பிழைக்கிற வடகோடி மாவட்டங்கள் மூன்றிலும் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஒரே நாடு, ஒரே கேள்வி. எந்தக் கடலில் யார் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்யப் போகிறது என்றால் ஆஸ்லோவில் ஆபீஸ் போகிறவருக்கு என்ன நஷ்டம்? படகு வைத்திருக்கிறவருக்கு அதுதானே சோறு. அப்புறம் 'யூனியன்' என்ற சொல்லே அவர்களுக்குப் பழைய வடு. ஸ்வீடனோடு ஒரே ராஜாவின் கீழ் இருந்த கூட்டு வேண்டாம் என்று 1905இல் ஓட்டுப் போட்டபோது பிரியலாம் என்றவர்கள் 3,68,208 பேர், கூடாது என்றவர்கள் வெறும் 184 பேர். ஒன்றியத்தில் சேராமல் இருப்பதற்கு அவர்கள் விலையும் கொடுக்கிறார்கள். ஐரோப்பியச் சந்தையில் விற்பதற்காக, தாங்கள் ஓட்டுப் போட்டு உருவாக்காத விதிகளை ஏற்கிறார்கள். நாங்கள் எடுக்கிற குரோம் சிக்ஸ் ரிப்போர்ட் அங்கேயும் வேண்டும். தெரிந்தே கொடுக்கிற விலை அது. விவரம் தெரியாதவர்கள் என்று நான் எப்படிச் சொன்னேனோ!

நம் மாவட்டத்திலும் இதைப் பார்த்தோம். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதற்கு முன்னால் திருப்பத்தூர்க்காரர் ஒரு மனு கொடுக்க எண்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வர வேண்டும். கலெக்டர் ஆபீஸ் கிட்டே வந்தால் சந்தோஷப்படுகிற ஜனங்கள், அது தூரமாகப் போகும்போது மட்டும் பேசாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

சரி, மறுக்கிறவர்கள் எல்லாருமே இப்படி யோசிக்கிறார்களா? இல்லை. வெளியூர்க்காரன் வந்துவிடுவான் என்ற வெறுப்பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்று பிரிட்டனில் 51.9 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வெறுப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மொத்தப் பேரையும் அந்தச் சாக்கில் போட்டுக் கட்டுவது தப்பு.

கேட்கிற விதமும் முக்கியம். 2005இல் பிரான்ஸில், ஒன்றியம் முழுவதற்குமான ஐரோப்பிய அரசியல் சட்டத்துக்கு ஓட்டு கேட்டார்கள். 448 பிரிவுகள் கொண்ட புத்தகத்தையே வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பினார்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு ஆமாவா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி. சுமார் 55 சதவீதம் இல்லை என்றார்கள். மூன்று நாள் கழித்து நெதர்லாந்தில் 61.5 சதவீதம் இல்லை. அதில் இருந்தவற்றில் பெரும்பகுதி அப்புறம் லிஸ்பன் ஒப்பந்தமாக வந்தது. 2008இல் பிரான்ஸ் அதை மக்களிடம் கேட்காமல் நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொண்டது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குள் பின்வாசல் வழியாக வந்தால் அடுத்த முறை யார் நம்புவார்கள்?

டென்மார்க் கதை வேறு மாதிரி. 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 சதவீதம் பேர் மறுத்தார்கள். உங்களுக்கு எதில் பயம் என்று கேட்டு, பொது நாணயம், ராணுவம், குடியுரிமை, நீதித்துறை இந்த நான்கிலும் விலக்கு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் 56.7 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். ராணுவ விலக்கை 2022இல், உக்ரைன் போர் வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஓட்டுப் போட்டு அவர்களே எடுத்துவிட்டார்கள். முப்பது வருடம் ஆனது. ஆகட்டுமே. காரணம் தங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த கிராம சபைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஊரைச் சேர்க்கக் கூடாது என்று அதில் இல்லை. சேர்ப்பதானால் நூறு நாள் வேலைக்குப் பதில் என்ன, வீட்டு வரி எத்தனை வருடத்துக்கு ஏறாது, இதையெல்லாம் முதலில் எழுத்தில் கொடுங்கள் என்று இருக்கிறது. முதல் வரி மட்டும் நான் எழுதியதில்லை. வார்டில் நம்ம ஊர் எத்தனை வீடு என்று பெரியம்மா கேட்டதை அப்படியே போட்டிருக்கிறேன்.