மருலா பழத்துல புழு தானா வராதுங்க

ஆப்பிரிக்க சவானால விழுற மருலா பழம் அழுகினதும் உள்ள புழு தானா உருவாகுதுன்னு ஒரு மெசேஜ் சுத்துது, அது தப்புங்க. மருலா நம்ம மாமரத்தோட குடும்பம் தான், அதுல செராடிடிஸ் கோசைரான்னு ஒரு பழ ஈ இருக்கு, பொண்ணு ஈ வால் நுனில இருக்கிற ஊசி மாதிரி உறுப்பால தோலைக் குத்தி உள்ள முட்டை வச்சிடும், அந்த ஓட்டை கண்ணுக்கே சரியா தெரியாது, அதான் ஜனங்க ஏமாறுறாங்க. புழு சதையைத் தின்னு வளர்ந்ததும் வெளிய வந்து, உடம்பை வளைச்சு டக்குனு துள்ளி மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழு ஆகும். அழுகல் புழுவை உண்டாக்கல, புழுவால தான் பழம் இன்னும் சீக்கிரம் அழுகுது!

வாழைப்பழத்துல மொய்க்கிற குட்டி ஈ வேற குடும்பம், அது புளிச்ச பழத்தைத் தேடி வரும். ஜிம்பாப்வே மாடோபோஸ் காட்டுல அதுவும் மருலாவைத் தான் விரும்புதுன்னு 2018ல ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க.